கீழாநெல்லியை மது ஈரல் பாதிப்புக்குச் சோதிக்கும் திட்டம்: ஓட்டைகள் எங்கே?

சோதனைக்குழாய்:

கீழாநெல்லி சமூலத்தை (வேரோடு முழுச் செடி) 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து எடுத்த எக்ஸ்ட்ராக்ட், மதுவால் வரும் ஈரல் பாதிப்பைத் தடுக்கிறதா என்று விஸ்டார் எலிகளில் பார்ப்பதற்கான வரைவு இது.

ஐந்து குழுக்கள், குழுவுக்கு 6 ஆண் எலி. சாதாரணக் குழு, மது மட்டும், மதுவும் சிலிமாரின் (ஒப்பீட்டுக்கான மூலிகை ஈரல் மருந்து) 100 மி.கி/கிலோவும், மதுவும் எக்ஸ்ட்ராக்ட் 200 மி.கி/கிலோவும், மதுவும் எக்ஸ்ட்ராக்ட் 400 மி.கி/கிலோவும். 40 சதவீத மது, கேவேஜ் ஊசி வழியே வயிற்றுக்குள், நாளுக்கு 5 கிராம்/கிலோ, 28 நாள். எக்ஸ்ட்ராக்டை மதுவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுப்பது. கடைசி நாளில் ஏஎல்டி, ஏஎஸ்டி (ஈரல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் என்சைம்கள்), பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி), ஈரல் குளுட்டதயோன் (செல்லைக் காக்கும் பொருள்), எம்டிஏ (கொழுப்பு சிதைந்ததன் அடையாளம்), திசுச் சீவல்.

விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புவதற்கு முன் எதை மாற்ற வேண்டும்?

---

பச்சிலை:

முதலில் செடி. கீழாநெல்லி என்ற பெயரில் வரும் காய்ந்த கட்டில் மூன்று நான்கு இனங்கள் கலந்திருப்பது சர்வ சாதாரணம். உங்களுக்கு வேண்டியது ஃபிலாந்தஸ் அமாரஸ். பழைய கட்டுரைகள் பலவற்றில் இதே செடிக்கு ஃபிலாந்தஸ் நிரூரி என்று பெயர் போட்டிருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி.

உலர்த்துவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அமாரஸில் நடுத்தண்டில் இலை இருக்காது, பக்கக் கிளைகளில் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு கிளையும் ஒரு கூட்டிலை போலத் தெரியும். பூவிதழ் 5. காய் வழவழப்பாக, சின்னக் காம்பில் கிளைக்குக் கீழே தொங்கும். விதையை லென்ஸில் பார்த்தால் நீளவாக்கில் வரிகள். காய் காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, தோல் சொரசொரவென்று, விதையில் குறுக்கு வரிகள் இருந்தால் அது ஃபிலாந்தஸ் யூரினேரியா. பூவிதழ் 6 என்றால் டெபிலிஸ் அல்லது ஃப்ரேட்டர்னஸ். நடுத்தண்டிலும் இலை இருந்தால் மேலாநெல்லி, அதாவது மதராஸ்படென்சிஸ். காய்ந்து நொறுங்கிய பிறகு இதில் பாதி அடையாளம் போய்விடும். ஒரு முழுச் செடியை, காயோடு, அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியத்தில் எண் வாங்கி வையுங்கள்.

அடுத்தது கரைப்பான். கீழாநெல்லியின் அடையாளப் பொருளாக எல்லோரும் அளப்பது ஃபிலாந்தின், ஹைப்போஃபிலாந்தின் என்ற லிக்னான்கள். எச்பிஎல்சியில் (பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) 230 நானோமீட்டரில் பார்க்கலாம். பெரும்பகுதி இலையில்தான் இருக்கிறது, தண்டில் மிகக் குறைவு. தண்டு கூடிய கட்டும் இலை கூடிய கட்டும் ஒரே எடையில் வேறு வேறு மருந்து. இந்த லிக்னான்கள் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிய குடிநீரில் இருப்பது பெரும்பாலும் ஜெரானீன், கோரிலாஜின் போன்ற டானின்களும் காலிக், எலாஜிக் அமிலங்களும்தான். 70 சதவீத எத்தனால் இரண்டையும் இழுக்கும். ஆகவே உங்கள் சோதனை வெற்றி பெற்றாலும், கொதிக்கவைத்த குடிநீர் அதையே செய்யும் என்று எழுத முடியாது. குடிநீரைப் பற்றிப் பேசத்தான் ஆசை என்றால் குடிநீரையே உறைபனி உலர்த்தலில் பொடியாக்கிச் சோதியுங்கள்.

கரைப்பானை 45 டிகிரிக்கு மேல் போகாமல் ரோட்டரி ஆவியாக்கியில் வாங்கி, எடை நிலைக்கும்வரை உலர்த்துங்கள். மீந்த எத்தனால் எலிக்குப் போகுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். 400 மி.கி.யில் பத்தில் ஒரு பங்கு எத்தனால் என்றாலும் 40 மி.கி.; நீங்கள் கொடுக்கும் 5 கிராமுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. கெடுவது எடைக் கணக்கு. பிசுபிசுவென்று இருக்கும் எக்ஸ்ட்ராக்டில் 400 என்று நிறுத்தால் உள்ளே போவது 320 ஆக இருக்கும், அடுத்த தொகுதியில் 370 ஆக இருக்கும்.

---

ஈரல்குலை:

செடி சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இந்த வகைச் சோதனைகளில் பெரும்பாலானவை விழுகிற பள்ளம் வேறு. எலியின் ரத்தத்துக்கு எவ்வளவு மது போனது என்று யாரும் அளப்பதில்லை. எக்ஸ்ட்ராக்ட் குழுவில் ஏஎல்டி குறைந்திருக்கும். 'ஈரலைக் காத்தது' என்று எழுதிவிடுவார்கள். அந்தக் குழுவுக்குக் குறைவான மதுதான் போயிருந்தால்?

திரவ உணவு முறையில் இது கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை. லீபர்–டிகார்லி உணவில் மில்லிக்கு 1 கிலோகலோரி, அதில் 36 சதவீதம் எத்தனாலிலிருந்து. கிராமுக்கு 7 கிலோகலோரி என்று வகுத்தால் மில்லிக்கு 0.051 கிராம் எத்தனால். 250 கிராம் எலி நாளுக்கு 60 மில்லி குடித்தால் 3.1 கிராம், அதாவது கிலோவுக்கு 12.3 கிராம். கீழாநெல்லி நல்ல கசப்பு. எக்ஸ்ட்ராக்டை அதே உணவில் கலந்து, எலி 48 மில்லியோடு நிறுத்திக்கொண்டால் கிலோவுக்கு 9.9 கிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு மது குறைந்ததற்கே கொழுப்பும் என்சைமும் இறங்கும். செடி செய்த ஒரே வேலை வாயைக் கசக்க வைத்தது.

மாற்று வழி இணை ஊட்டல். எக்ஸ்ட்ராக்ட் குழு நேற்று குடித்த அளவைத்தான் இன்று மது மட்டும் குழுவுக்கு வைக்க வேண்டும். மதுவே இல்லாத குழுவுக்கும் அதே கலோரி, எத்தனாலுக்குப் பதில் மால்டோடெக்ஸ்ட்ரின். எக்ஸ்ட்ராக்டை உணவில் கலக்காமல் தனியாகக் கேவேஜில் கொடுப்பது இன்னும் நல்லது.

ஒரே கூண்டில் மூன்று எலிகளை விட்டு ஒரே குழாயில் உணவு வைத்தால் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாது. அப்போது புள்ளியியலில் கூண்டுதான் ஒரு எண், எலி அல்ல. 6 எலி 2 கூண்டில் என்றால் உங்கள் மாதிரி அளவு 2.

---

சோதனைக்குழாய்:

நான் போட்டிருப்பது கேவேஜ்தானே. 5 கிராம்/கிலோ என்று நாமே அளந்து உள்ளே விடுகிறோம். அதில் இந்தச் சிக்கல் வராது என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தது.

---

ஈரல்குலை:

வயிற்றுக்குள் விட்டது சமம். ரத்தத்துக்குப் போனது சமமா என்பதுதான் கேள்வி. ஒரு மணி நேரம் முன்னால் டானின் நிறைந்த எக்ஸ்ட்ராக்ட் போகிறது. இரைப்பை காலியாவது தாமதமானால் மது மெதுவாகக் குடலுக்கு இறங்கும், ரத்தத்தில் உச்சம் தாழும். மதுச் சேதத்தில் அந்த உச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஈரலைத் தொடாமலே 'பாதுகாப்பு' கிடைத்துவிடும்.

எனவே தனியாக ஒரு சிறு தொகுதி வைத்து, மது கொடுத்த 30, 60, 120, 240 நிமிடங்களில் வால் நரம்பில் ரத்தம் எடுத்து ஆல்கஹால் அளவு பாருங்கள். ஹெட்ஸ்பேஸ் கேஸ் குரோமட்டோகிராபி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்சைம் முறை போதும். ஒன்றை மறக்காதீர்கள்: வாலை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. அந்த ஒரு துடைப்பு உங்கள் அளவீடு முழுவதையும் பொய்யாக்கும். வெந்நீரில் நனைத்த துணியே போதும், நரம்பும் புடைக்கும். குப்பியை விளிம்புவரை நிரப்பி உடனே மூடி, பனிக்கட்டியில் வையுங்கள்; மூடியின் கீழ் காற்றிடம் இருந்தால் எத்தனால் அங்கே போய்விடும்.

மது மட்டும் குழு, எக்ஸ்ட்ராக்ட் குழு இரண்டின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் நிம்மதி. எக்ஸ்ட்ராக்ட் குழுவின் உச்சம் தாழ்ந்தால், எக்ஸ்ட்ராக்டை மதுவிலிருந்து ஆறு எட்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். அப்போதும் பாதுகாப்பு தெரிந்தால் அது ஈரலில் நடப்பது.

உச்சம் ஏறினாலும் யோசிக்க வேண்டும். ஈரலில் உள்ள சைப்2ஈ1 என்ற என்சைமை எக்ஸ்ட்ராக்ட் தடுத்திருக்கலாம். அந்த என்சைம் எத்தனாலை உடைக்கும்போதுதான் ஆக்சிஜன் கழிவுகள் பெருகுகின்றன, அதனால் தடுப்பது நல்லதாகவே தெரியும். கார்பன் டெட்ராகுளோரைடு, பாரசிட்டமால் மாதிரிகளில் நூற்றுக்கணக்கான மூலிகைகள் 'வெற்றி' பெறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த இரண்டு நஞ்சும் ஈரலில் நஞ்சாவதே முக்கியமாக இந்த என்சைமின் கையால். நஞ்சுக்கு முன்னாலேயே என்சைமை மூடிவிட்டால் சேதம் வராது. அந்த மாதிரியில் வென்ற செடி மதுவிலும் வெல்லும் என்று முடிவு கட்டாதீர்கள். இதே காரணத்தால் எக்ஸ்ட்ராக்டைக் கரைக்க டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் வேண்டவே வேண்டாம்; அதுவே சைப்2ஈ1ஐத் தடுக்கும். 0.5 சதவீதம் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் போதும், எல்லாக் குழுக்களுக்கும் அதையே கொடுங்கள்.

40 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த 40? கொள்ளளவுக்குக் கொள்ளளவு என்றால் மில்லியில் 0.316 கிராம் (எத்தனால் அடர்த்தி 0.789). 200 கிராம் எலிக்கு 1 கிராம் எத்தனால் வேண்டும் என்றால் 3.2 மில்லி. கொள்ளளவுக்கு எடை (100 மில்லியில் 40 கிராம்) என்றால் 2.5 மில்லி. இரண்டையும் குழப்பினால் மருந்தளவு கால்பங்குக்கு மேல் மாறிவிடும். நீர்க் கரைசலுக்கு 100 கிராமுக்கு 2 மில்லி என்பது மேல் எல்லை, அதற்குள் இருக்கிறீர்கள், ஆனால் 40 சதவீதம் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். புண் வந்த எலி தின்னாது, எடை இறங்கும், ஈரல் கொழுப்பு அந்தப் பட்டினியாலும் மாறும். இரண்டு வேளையாகப் பிரித்து 25 சதவீதத்தில் கொடுங்கள்.

---

நுண்நோக்கி:

கேவேஜில் 28 நாள் கொடுத்தால் எலியின் ஈரலில் என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். எலி மதுவை வேகமாக எரித்துவிடும். அழற்சியும் நியூட்ரோஃபில்களும் வேண்டுமென்றால் சுண்டெலியில் 2013இல் நேச்சர் புரோட்டோகால்ஸில் வந்த நாட்பட்ட–ஒரே வீச்சு முறைக்குப் போங்கள். சி57பிஎல்/6 சுண்டெலி, திரவ உணவுக்குப் பழக 5 நாள், பிறகு 5 சதவீத எத்தனால் உணவு 10 நாள், 11ஆம் நாள் காலையில் 31.5 சதவீத எத்தனாலை உடல் எடை கிராமுக்கு 20 மைக்ரோலிட்டர் கேவேஜ். கணக்கு ஏறக்குறைய 5 கிராம்/கிலோ வரும். கட்டுப்பாட்டுக்கு 9 கிராம்/கிலோ மால்டோஸ் டெக்ஸ்ட்ரின், அதே கலோரி. 9 மணி நேரம் கழித்து ரத்தமும் ஈரலும். கேவேஜுக்குப் பிறகு சுண்டெலியின் உடல் சூடு சட்டென்று இறங்கும். வெதுவெதுப்பான விரிப்பில் வைக்காவிட்டால் சாகும், அந்தச் சாவை மதுவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பிலிருபினை முக்கிய அளவீடாக வைக்காதீர்கள். இந்த மாதிரிகளில் எலிக்கு மஞ்சள் காமாலை வருவதில்லை. ஏறாத ஒன்றை எக்ஸ்ட்ராக்ட் இறக்கியது என்று 0.3க்கும் 0.4க்கும் நடுவில் நட்சத்திரக் குறி போட்டு எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. 'காமாலைச் செடி' என்ற பெயருக்காக அதைச் சேர்ப்பது நோய்க்கும் மாதிரிக்கும் உள்ள தூரத்தை மறைக்கிறது.

கொழுப்பைப் பார்க்க பாரஃபின் சீவல் போதாது. சைலீனும் ஆல்கஹாலும் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்; மிஞ்சுவது வெற்றுக் குழிகள். கிளைகோஜன் குழியும் நீர் கோத்த குழியும் ஹெமடாக்சிலின்–ஈயோசினில் ஏறக்குறைய அப்படியே தெரியும். அதே மடலின் இன்னொரு துண்டை உறையவைத்துச் சீவி, கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயம் போடுங்கள். மூன்றாவது துண்டில் குளோரோஃபார்ம்–மெத்தனால் 2:1 முறையில் கொழுப்பைப் பிரித்து டிரைகிளிசரைடு அளந்து, ஈரல் கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண் கொடுங்கள். எல்லா எலிக்கும் ஒரே மடல், இடது பக்க மடல். பட்டினி நேரமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

குளுட்டதயோனுக்கு ஈரலை எடுத்த உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். எலிகளைக் குழு குழுவாக வரிசையாக அறுத்து, எல்லாம் முடிந்த பிறகு உறையவைத்தால், குறைவாகக் காத்திருந்த கடைசிக் குழுவில் குளுட்டதயோன் கூடுதலாக இருக்கும். வரிசையைக் குழுவாரியாக வைக்காமல் குலுக்கிப் போடுங்கள். சீவலுக்கு மதிப்பெண் கொடுப்பவருக்கு எந்தக் கண்ணாடி எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

ஏஎஸ்டி விஷயத்தில் ஒரு வரி: ரத்தம் உடைந்து சீரம் சிவந்திருந்தால் அந்த எண்ணைப் போடாதீர்கள். சிவப்பணுவுக்குள் ஏஎஸ்டி நிறைய.

---

கலன்வளர்ப்பு:

எலிக்கு முன் செல் சோதனை செய்யும் எண்ணம் இருந்தால் சொல்கிறேன். ஹெப்ஜி2 என்ற ஈரல் புற்றுச் செல்லில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸும் சைப்2ஈ1உம் இல்லாததற்குச் சமம். அதில் எத்தனாலை ஊற்றினால் நீங்கள் பார்ப்பது கரைப்பான் நஞ்சு, மது ஈரல் நோய் அல்ல. இரண்டு என்சைமையும் சேர்த்து உருவாக்கிய விஎல்-17ஏ செல் எடுங்கள். 50 முதல் 100 மில்லிமோலார் போதும். தட்டை மூடிமுத்திரை இடாவிட்டால் 37 டிகிரியில் எத்தனால் ஆவியாகி, கட்டுப்பாட்டுக் கிணறுகளுக்கும் போய் இறங்கும். எத்தனால் உள்ளதும் இல்லாததும் வேறு வேறு தட்டில் இருக்கட்டும்.

எம்டிடி சோதனையை (உயிருள்ள செல் சாயத்தை ஊதாவாக்குவதை அளப்பது) மட்டும் நம்பாதீர்கள். கீழாநெல்லியின் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கும். செல் போடாத கிணற்றில் எக்ஸ்ட்ராக்டும் எம்டிடியும் மட்டும் ஊற்றி ஒரு வரிசை வைத்துப் பாருங்கள், நிறம் வந்தால் அதுதான் உங்கள் 'உயிர்காத்த' சதவீதம். சேதமான செல்லிலிருந்து வெளியேறும் எல்டிஹெச் என்சைமின் கசிவையும் சேர்த்து அளப்பது நல்லது. டிபிபிஹெச் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனையின் எண்ணைக் கொண்டு ஈரலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அந்தச் சோதனையில் டானின் உள்ள எந்த இலையும் தேறிவிடும்.

---

பச்சிலை:

@ஈரல்குலை, ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்ட்ராக்ட் மது உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தினால் அதைக் கழித்துத் தள்ள வேண்டுமா? குடித்தவன் உடம்பில் அதுவும் நன்மைதானே.

@சோதனைக்குழாய், அளவு பற்றி: எலி 400 மி.கி/கிலோவை மனிதனுக்கு மாற்ற 6ஆல் பெருக்கி 37ஆல் வகுத்தால் (எலிக்கும் மனிதனுக்குமான உடற்பரப்புக் காரணிகள்) 65 மி.கி/கிலோ; 60 கிலோ ஆளுக்கு 3.9 கிராம் எக்ஸ்ட்ராக்ட். பத்துக்கு ஒன்று தேறுகிறது என்றால் 39 கிராம் காய்ந்த செடி, தினமும். 50, 100, 200 என்று இறங்குங்கள். மூன்று அளவு இருந்தால்தான் அளவுக்கேற்ற விளைவு இருக்கிறதா என்று பார்க்க முடியும்.

---

ஈரல்குலை:

நன்மையாக இருக்கலாம். ஆனால் அது 'ஈரல் பாதுகாப்பு' என்ற பெயரில் போகக் கூடாது. தாமதப்படுத்துவதற்கு ஒரு பிடி சாதமே போதும். அதோடு, மதுவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் மூலிகை குடிக்கும் நோயாளி கிடையாது. வருஷக்கணக்காகக் குடித்து, ஈரல் வீங்கி, அதன் பிறகுதான் வருகிறார். அதனால் இன்னொரு பிரிவு வேண்டும்: முதலில் மதுவால் பாதிப்பை உண்டாக்கி, சில எலிகளை அறுத்து உறுதி செய்து, அதன் பிறகு எக்ஸ்ட்ராக்ட். அந்தப் பிரிவில் பாதி எலிக்கு மதுவை நிறுத்திவிட்டு எக்ஸ்ட்ராக்ட் இல்லாமல் விடுங்கள். மது நின்றாலே கொழுப்பு வடியும். செடி அதைவிட வேகமாக வடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

உங்கள் திட்டத்தில் 'எக்ஸ்ட்ராக்ட் மட்டும்' குழு இல்லவே இல்லை. செடியே ஏஎல்டியை ஏற்றுகிறதா என்று தெரியாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது. குழுவுக்கு எத்தனை எலி என்பதற்கு 16 பெருக்கல் திட்ட விலகலின் வர்க்கம், வகுத்தல் எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் வர்க்கம். விலகல் 40 யூனிட், வித்தியாசம் 60 என்றால் குழுவுக்கு 8. சாவுக்கு இரண்டு சேர்த்தால் 10. 6 என்ற எண் பழக்கத்தால் வந்தது.

---

வார்டுமருத்துவர்:

மனிதர்களுக்குப் போகும்போது என்ன ஆகும் என்று இரண்டு வார்த்தை.

கீழாநெல்லிக்கு உலகப் பெயர் வந்தது மதுவால் அல்ல. 1988இல் லான்செட்டில் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும், ஹெபடைட்டிஸ் பி கிருமி சுமப்பவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். செடி வாங்கிய 37 பேரில் 22 பேருக்கும், வெற்று மருந்து வாங்கிய 23 பேரில் ஒருவருக்கும் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்த அளவு பலன் திரும்ப வரவில்லை. கிருமிக் காமாலையும் மதுக் காமாலையும் வேறு நோய்கள்; ஒன்றின் புகழை மற்றதற்குக் கடன் வாங்க முடியாது.

மது நோயாளியிடம் வெற்று மருந்துக் குழு இல்லாத சோதனை எதையும் காட்டாது. வார்டில் சேர்ந்ததும் குடி நிற்கிறது. குடியால் ஏறும் ஜிஜிடி என்சைம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும், ஏஎஸ்டியும் இறங்கும். நடுவில் என்ன கொடுத்தாலும் அது குணப்படுத்தியதாகத் தோன்றும். குடிக்கவில்லை என்று வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல், குடித்ததைக் காட்டிக்கொடுக்கும் பொருள்களை, சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடோ ரத்தத்தில் பாஸ்ஃபாடிடில் எத்தனாலோ, பாருங்கள்.

சிலிமாரினை ஒப்பீட்டுக்கு வைப்பது எலியில் வழக்கம், வையுங்கள். ஆனால் 'சிலிமாரினுக்கு இணையானது' என்பது மனிதனில் பெரிய சான்றிதழ் அல்ல. 2007 காக்ரேன் தொகுப்பு (பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்வது), தரமான சோதனைகளை மட்டும் எடுத்தபோது அது மது ஈரல் நோயில் சாவைக் குறைப்பதாகக் காணவில்லை. மது ஈரல் அழற்சிக்குக் கொடுத்துப் பார்த்த பென்டாக்ஸிஃபிலின் மருந்தும் இப்படித்தான், சிறிய சோதனையில் நம்பிக்கை தந்து, 2015இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஸ்டோபா சோதனையில் பலன் இல்லை என்று ஆனது.

இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் கீழாநெல்லி அரைக்கப் போகிறார்கள் என்றால் அவர்களுக்கு: குடிப்பவருக்குக் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, பேச்சு குழறினால் அன்றே மருத்துவமனை. புரோத்ராம்பின் நேரம் (ரத்தம் உறைய ஆகும் நேரம்) கட்டுப்பாட்டைவிட எத்தனை நொடி கூடுதலோ அதை 4.6ஆல் பெருக்கி, பிலிருபினைக் கூட்டினால் 32ஐத் தாண்டுகிறவர்களில் ஒரு மாதத்துக்குள் இறப்பவர்கள் பலர். ஏழாவது நாளில் ஸ்டீராய்டைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் கட்டம் அது. ஒரு வாரம் செடியோடு காத்திருந்தால் அந்த முடிவுக்கு நேரமே இருக்காது.

---

சோதனைக்குழாய்:

மாற்றிய வரைவு: சுண்டெலி, 10 நாள் மது உணவும் ஒரு வீச்சும். தனித்தனிக் கூண்டு, இணை ஊட்டல். குழுவுக்கு 10. எக்ஸ்ட்ராக்ட் 50, 100, 200, மாலையில் கேவேஜ். எக்ஸ்ட்ராக்ட் மட்டும் குழு ஒன்று, அதே 200இல். ரத்த ஆல்கஹாலுக்குத் தனித் தொகுதி. குடிநீர்ப் பொடி இரண்டாம் கட்டம். குணப்படுத்தும் பிரிவு மூன்றாம் கட்டம். முக்கிய அளவீடு ஏஎல்டியும் ஈரல் டிரைகிளிசரைடும் மட்டும், முன்கூட்டியே எழுதிப் பதிவு.

ஒரு கேள்வி: மது உணவை ஒரு வாரத்துக்குக் கலந்து குளிரில் வைக்கலாமா?

---

நுண்நோக்கி:

பொடியும் தண்ணீரும் கலந்த அடிப்படைக் கலவையை 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். எத்தனாலைத் தினமும் வைப்பதற்குச் சற்று முன்னால் சேருங்கள். குழாய்களை மாலையில் மாற்றுங்கள், சுண்டெலி இரவில்தான் குடிக்கும். நேற்றைய குழாயை அப்படியே நிரப்பாமல் கழுவிக் காயவைத்த இன்னொன்றை வையுங்கள். முனையில் கட்டி தட்டினால் குடிக்க முடியாமல் கிடக்கும், அளவு குறைந்ததைக் கசப்பு என்று எழுதிவிடுவீர்கள். வெறும் கூண்டில் ஒரு குழாயை வைத்து ஒழுகும் அளவையும் தினமும் குறித்து, எல்லாக் கணக்கிலும் அதைக் கழியுங்கள்.